ஃப்ரீசரில் வைத்த பேக்டு உருளை: தோல் நசநசவென்று ஆகிறது

ஸ்டஃப் செய்து பேக் செய்த உருளையை ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடாக்கினால் அடித்தோல் ஊறிப்போய் நசநசவென்று இருக்கிறது.

28 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார அவன்), மேல் கீழ் சூடாக்கும் ராடு உண்டு, ஃபேன் இல்லை. ஊட்டி உருளை, ஒன்று சுமார் 200 கிராம். 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவைத்து, தோலோடு அரை செ.மீ. சதை விட்டுக் குடைந்து, வெண்ணெய், பால், துருவிய சீஸ் சேர்த்து மசித்து நிரப்புகிறேன். நன்றாக ஆறியபின் தட்டில் பரப்பி உறையவைத்து, ஃபாயில் சுற்றி ஜிப் கவரில் போட்டு மைனஸ் 18-இல் வைப்பது வழக்கம். மூன்று வாரத்துக்குள் எடுத்துவிடுவேன்.

உறைந்தபடியே 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்தால் மேலே சீஸ் கருகுகிறது, நடுவில் ஜில். முந்தின இரவே ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு மறுநாள் சூடாக்கினால் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டுகிறது, தோல் தொளதொள. மைக்ரோவேவில் ஓரமெல்லாம் ரப்பர், அந்தப் பக்கமே வேண்டாம். மசியல் திரிந்து தண்ணீர் விட்டதும் ஒரு தொல்லை. பாலைக் குறைத்து க்ரீம் சீஸ் சேர்த்ததில் அது பெரும்பாலும் நின்றுவிட்டது. தோல்தான் வழிக்கு வரவில்லை.

நிரப்புவதற்கு முன் வெறும் தோலில் எண்ணெய் தடவி 220 டிகிரியில் தனியாக முறுகவிட்டு எடுத்தால், ஃப்ரீசருக்குப் பிறகும் அந்த மொறுமொறுப்பு நிற்குமா?