புதுப்பிப்பு: சுகர் ரிப்போர்ட்டில் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால்

முன்பு எழுதியது: வெறும் வயிற்றில் சர்க்கரை 100–125 (மி.கி./டெ.லி.), ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை) 5.7–6.4 சதவீதம் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஒன்று கூடுதலாகவும் மற்றது சரியாகவும் வந்தால் எதை நம்புவது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில், ரத்தம் எங்கே எடுத்தார்கள் என்று பாருங்கள். குடியாத்தத்தில் எடுத்து வேலூர் லேபுக்கு அனுப்பினால், டியூபுக்குள்ளேயே ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 112 இருந்தது இரண்டு மணி நேரத்தில் 100-க்குக் கீழே வந்து 'நார்மல்' ஆகிவிடலாம். சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு டியூபும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இதை முழுதாகத் தடுக்காது. முடிந்தவரை லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

ஹெச்பிஏ1சி-யை ரத்தசோகை குழப்பும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் கூட்டிக் காட்டும். சமீபத்தில் ரத்தம் இழந்திருந்தால் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்தே பாருங்கள்.

அப்போதும் தெளிவாகவில்லையா? டாக்டரிடம் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை கேளுங்கள். 250–300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்து, முதல் மடக்கிலிருந்து 2 மணி நேரம் கணக்கு. 140–199 வந்தால் முந்தைய நிலைதான். காத்திருக்கும் நேரத்தில் கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வராதீர்கள், எண் குறைந்துவிடும். சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு சாப்பிடுங்கள். குறைத்தால் எண் பொய்யாக ஏறும்.