ஓகேங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?

தேன்சிட்டு:
வணக்கம் நண்பர்களே. வாயைத் திறந்தா ஓகே ஓகேன்னுதான் சொல்றோம், ஆனா அது எதோட சுருக்கம்னு யாருக்காவது உறுதியா தெரியுமா? போர்ல ஒருத்தரும் சாகலைன்னா 'ஜீரோ கில்டு'ன்னு எழுதி வைப்பாங்க அதான் ஓகே ஆச்சுன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, இன்னொருத்தர் கிரேக்க மொழியில 'ஓலா கலா'தான் மூலம்ங்கிறார். எது சரி?

கரிசல்காடு:
போர் கதையை நம்பாதீங்க, ஆதாரமே கிடையாது. கிடைச்சதுலயே பழைய அச்சு ஆதாரம் 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பேப்பர். அப்போ அங்க பேப்பர்காரங்க நடுவுல ஒரு ட்ரெண்ட், வேணும்னே ஸ்பெல்லிங்கைத் தப்பாக்கி முதலெழுத்தை மட்டும் போடுறது. 'ஆல் கரெக்ட்'னா நியாயமா ஏ, சி தானே வரணும், அதை ஓ, கேன்னு ஆக்கிட்டாங்க. 'ஆல் ரைட்'டுக்கு ஓ டபிள்யூன்னு கூட ஒண்ணு ஓடுச்சு, அது அப்பவே போய்ச் சேர்ந்துடுச்சு. இதையெல்லாம் கண்டுபிடிச்சவர் ஆலன் வாக்கர் ரீட், கொலம்பியா பல்கலைக்கழக பேராசிரியர், 1963-64ல தொடர் கட்டுரையா எழுதினார். பழைய பேப்பரா தேடித் தேடி படிச்சு நிரூபிச்ச மனுஷன், எனக்கு அவர் மேல ரொம்ப மரியாதை.

மேகதூதன்:
கரிசல் அண்ணன் சொன்னது சரி. மத்த சுருக்கமெல்லாம் போயி இது மட்டும் நின்னதுக்கு 1840 அமெரிக்க தேர்தல்தான் முக்கிய காரணம். அப்போ அதிபரா இருந்த மார்ட்டின் வான் பியூரனோட சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்துல கிண்டர்ஹூக், அதனால 'ஓல்டு கிண்டர்ஹூக்'னு பட்டப்பேரு, ஆதரவாளருங்க ஓகே கிளப்னே ஆரம்பிச்சாங்க. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா, வான் பியூரன் கட்சியிலேருந்து அவருக்கு முன்னாடி அதிபரா இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ஸ்பெல்லிங் தெரியாது, அவர் எழுதின லட்சணம்தான் இதுன்னு கிளப்பிவிட்டாங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து நாடு பூரா பரப்பிட்டாங்க, அப்புறம் தந்தி ஆபரேட்டர்களும் செய்தி கிடைச்சுதுன்னு சொல்ல இதையே அடிக்க ஆரம்பிச்சாங்க.

நிலாச்சோறு:
எனக்கு அர்த்தம்தான் சுவாரசியம். "படம் எப்படி?"ன்னா "ஓகே", அதாவது சுமார். "மேனேஜர் ஓகே பண்ணிட்டார்"னா அனுமதி. "ஓகே, ஆரம்பிக்கலாமா"ன்னா அங்க சம்மதமே இல்ல, பேச்சை மாத்துறது. மெசேஜ்ல வெறும் கே மட்டும் வந்தா கோபம்! 'சரிபார்த்தாச்சு, பிழையில்ல'ங்கிறதுதான் முதல் அர்த்தம், அதுல பாராட்டு கிடையாது, அதனாலதான் எங்க வேணா ஒட்டுதுன்னு நினைக்கிறேன்.

தேன்சிட்டு:
அருமை, ரொம்ப நன்றி. செவ்விந்தியர் மொழிச் சொல்னும் படிச்சேனே?

கரிசல்காடு:
சாக்டா மொழியைச் சொல்றீங்க. அதிபர் உட்ரோ வில்சன் கூட அதை நம்பி, ஃபைல்ல 'ஓகே'யை அந்த மொழி உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி கடைசியில ஹெச் வர்ற ஸ்பெல்லிங்லதான் எழுதுவார். ரீட் அதை ஏத்துக்கல.