ஃபைபர்ல சாலிட்டான் ஓட விட்டா பல்ஸ் விரிஞ்சுகிட்டே போகுது, கோட்ல எங்க தப்பு?

ஜெலுத்தோங்_பையன்:
வணக்கம் மக்களே. பினாங்குல ஃபைனல் இயர் பிசிக்ஸ் படிக்கிறேன், ப்ராஜெக்ட் ஆப்டிகல் சாலிட்டான், அதாவது உருவம் மாறாம போற ஒளி பல்ஸ். அது ஃபைபர் உள்ள போறத பைத்தான்ல காட்டணும், ஸ்ப்ளிட் ஸ்டெப் முறைல (ஃபைபர சின்ன சின்ன துண்டா எடுத்து கணக்கு போடுறது) நானே எழுதிட்டேன். சாதா சிங்கிள் மோட் ஃபைபர், 1550 நானோமீட்டர், பீட்டா2 (பல்ஸ விரிக்கிற டிஸ்பெர்ஷனோட அளவு) மைனஸ் 21.7, காமா (வெளிச்சம் ஏறுனா கண்ணாடி எவ்வளவு மாறும்ங்கற அளவு) 1.3 (பிகோசெகண்ட், வாட், கிலோமீட்டர் கணக்குல). பல்ஸ் 1 பிகோசெகண்ட், பாதி உயரத்துல அளந்த அகலம். பீட்டா2வ காமாவால வகுத்து அகலத்தோட ஸ்கொயரால வகுத்தா பீக் பவர் 16.7 வாட் வருது, அத குடுத்து 500 மீட்டர் ஓட விட்டா நேரா ஒரு கோடு மாதிரி போகணும்ல, போகல, கிட்டத்தட்ட பத்து மடங்கு விரிஞ்சு சப்பையாகி கடைசில ரெண்டு ஓரத்துலயும் சின்ன சின்ன அலை வேற ஆடுது. டைம் விண்டோ -15லருந்து +15 பிகோசெகண்ட், ஸ்டெப் 1 மீட்டர். மூணு ராத்திரியா எஃப்எஃப்டி (நேரத்துலருந்து அலைவரிசைக்கு மாத்துற கணக்கு) ஷிஃப்ட்ட மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டேன். சூப்பர்வைசர்கிட்ட கேட்டா "பேப்பர் படி"ன்னு மட்டும் சொல்றாரு. வெள்ளிக்கிழமை காட்டணும், யாராவது பாருங்களேன்.

தே_ஓ_பிங்:
தலைப்ப "சொல்லிட்டான்"னு படிச்சிட்டேன், யாரு யாருகிட்ட என்னத்த சொல்லிட்டான்னு ஆசையா உள்ள வந்தா எல்லாம் பீட்டா காமா. சாரி லா.

செந்தூல்_அக்கா:
தம்பி, எஃப்எஃப்டிய விடு, அது மேல பாவம் இல்ல. 16.7ன்னு பாத்ததுமே புரிஞ்சிருச்சு. கேஎல்ல (கோலாலம்பூர்) ஃபைபர் லேசர்ல பிஎச்டி பண்ணப்ப நானும் இதே குழியில விழுந்தவ.

அந்த ஃபார்முலால வர்ற அகலம் டி0, பாதி உயரத்து அகலம் இல்ல. சாலிட்டானோட உருவம் செக் (sech), அந்த வடிவத்துக்கு பாதி உயரத்து அகலம் டி0வ விட 1.763 மடங்கு பெருசு. உன் பல்ஸ் 1 பிகோசெகண்ட்னா டி0 0.567 தான். நீ பல்ஸ 0.567ல சரியா செஞ்சிட்டு பவர மட்டும் 1ன்னு வச்சு கணக்கு போட்டிருக்க. சரியா போட்டா 52 வாட் வரும். நீ குடுத்தது அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல, அப்ப சாலிட்டான் ஆர்டர் என் (குடுத்த பவர வேண்டிய பவரால வகுத்து ரூட் எடுத்தது, சரியா இருந்தா 1) 0.57. அரைக்கு மேல இருக்குறதால ஏதோ ஒரு நோஞ்சான் சாலிட்டான் கணக்குல உண்டு, ஆனா அது ரொம்ப அகலம், 500 மீட்டர்ல உன் கண்ணுக்கு எங்க தெரியப்போகுது.

ஏன் பவர் அவ்வளவு துல்லியமா வேணும்னா, இந்த அலைநீளத்துல ஃபைபர்ல நீலப் பக்கம் வேகமா போகும் செவப்புப் பக்கம் மெதுவா வரும், சும்மா விட்டா பல்ஸ் பிரிஞ்சு விரியும். கெர் விளைவு என்ன பண்ணுதுன்னா வெளிச்சம் ஜாஸ்தி இருக்குற எடத்துல கண்ணாடியோட ஒளிவிலகல் எண்ணையே ஒரு துளி ஏத்திவிடுது, அதனால பல்ஸோட முன்பக்கம் செவப்பு பக்கமா நகருது, வால் நீலப் பக்கமா நகருது. முன்னாடி போறவன் செவப்பாகி மெதுவாகுறான், பின்னாடி வர்றவன் நீலமாகி எட்டிப் புடிக்கிறான். பவர் கம்மியா இருந்தா இந்த இழுப்பு பத்தாது, அதான் உனக்கு நடந்தது.

ஓரத்து அலை வேற கத. விரிஞ்சது விண்டோவோட வலது ஓரத்துல வெளிய போய் இடது ஓரத்துல உள்ள வருது, எஃப்எஃப்டிக்கு நேரம் வட்டம் தானே, ரெண்டும் சேர்ந்து குறுக்கிட்டு ஆடுது. விண்டோவ பெருசாக்கு.

இன்னொன்னு, எப்பவும் ரெண்ட தனித்தனியா சோதிச்சிட்டு சேக்கணும். காமாவ 0 ஆக்கி ஒரு காஸியன் பல்ஸ விடு, டிஸ்பெர்ஷன் நீளம் (டி0 ஸ்கொயர பீட்டா2வால வகுத்தது) முடியுற எடத்துல அகலம் சரியா ரூட் 2 மடங்கு ஆகணும். அப்புறம் பீட்டா2வ 0 ஆக்கு, நேரத்துல உருவம் அசையக்கூடாது, ஸ்பெக்ட்ரம் மட்டும் விரியணும். இத நீ மொத நாளே பண்ணிருந்தா மூணு ராத்திரி தூங்கிருப்ப.

ஜெலுத்தோங்_பையன்:
அக்கா!!! சரி வீட்டுக்கு போனதும் ஓட்டுறேன். ஆனா 52 வாட்டா, அந்த முடி மாதிரி ஃபைபர் எரியாதா?

பாயான்_லெப்பாஸ்_டெஸ்டர்:
எரியாது தம்பி. 52 வாட் இருக்குறது ஒரு பிகோசெகண்ட் நேரம் தான். ஒரு பல்ஸோட எனர்ஜி ரெண்டு தடவ 52 தடவ 0.567, அதாவது 59 பிகோஜூல். லேசர் செகண்டுக்கு 2 கோடி பல்ஸ் விட்டாலும் சராசரி 1.2 மில்லிவாட், வாத்தியார் ஸ்க்ரீன்ல காட்டுற பாயிண்டர் அளவு.

நான் இங்க ட்ரான்ஸ்சீவர் (ஃபைபர்ல ஒளி சிக்னல் அனுப்பி வாங்குற கருவி) டெஸ்ட் லைன்ல இருக்கேன், ஒரு உண்மைய சொல்லிடுறேன், எங்க வேலைல சாலிட்டான் கிடையாது. 1973ல ஹசெகாவாவும் டாப்பர்ட்டும் பெல் லேப்ஸ்ல உக்காந்து கணக்கு போட்டு சொன்னாங்க, 1980ல அதே பெல் லேப்ஸ்ல மோலனாவர் கூட்டம் 700 மீட்டர் ஃபைபர்ல பாத்தாங்க. அப்ப கடலடி கேபிள் எல்லாம் இதுல தான் ஓடும்னு பெரிய நம்பிக்கை. ஆனா ஆம்ப்ளிஃபையர்ல வர்ற நாய்ஸ் ஒவ்வொரு பல்ஸையும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் தவற வைக்குது, 1986ல கோர்டனும் ஹவுஸும் அத எழுதிட்டாங்க. இப்ப கோஹிரண்ட் ரிசீவர்ல (ஒளியோட ஃபேஸையும் சேர்த்து படிக்கிறது) சிப்பே டிஸ்பெர்ஷன கணக்குப் போட்டு எடுத்துருது, எதுக்கு பல்ஸ ஃபைபர்ல கட்டிப் புடிச்சு வைக்கணும்? என்னக் கேட்டா சாலிட்டான் தோத்துப் போச்சு.

செந்தூல்_அக்கா:
தோக்கல, எடம் மாறிருச்சு. மோட் லாக் ஆன (குட்டி குட்டி பல்ஸா விடுற) ஃபைபர் லேசர போட்டு ஸ்பெக்ட்ரம் அனலைசர்ல பாருங்க, ரெண்டு பக்கமும் ஊசி ஊசியா நீட்டிகிட்டு நிக்கும், கெல்லி சைட்பேண்ட், உள்ள சாலிட்டான் ஓடுதுங்கறதுக்கு அடையாளம். மொத தடவ அது வந்தப்ப ராத்திரி 11 மணி, லேப்ல நான் ஒருத்தி தான், கத்தின கத்துல கார்ட் ஓடி வந்துட்டாரு. அதுவும் போக 2014லருந்து குட்டி வளைய ரெசனேட்டர்ல சாலிட்டான் ஓட வச்சு அலைவரிசை சீப்பு (சீப்புப் பல்லு மாதிரி சம இடைவெளில நிக்கிற அலைவரிசைகள்) எடுக்குறாங்க, அதெல்லாம் தோத்ததா?

தே_ஓ_பிங்:
நெசமாவே ஒரு கேள்வி. தண்ணில தான மொதல்ல பாத்தாங்களாம்? சுனாமி இதானா?

செந்தூல்_அக்கா:
ஆமா தண்ணி தான். 1834ல ஸ்காட்லாந்துல ஸ்காட் ரஸ்ஸல்னு ஒருத்தர், எடின்பரோ பக்கத்துல கால்வாய்ல படகு சட்டுன்னு நின்னதும் ஒத்த அலை ஒன்னு கிளம்பி போச்சு, குதிரைல பின்னாடியே ஒன்னு ரெண்டு மைல் தொரத்திட்டு போனாரு. 2004 சுனாமிய சாலிட்டான்னு சொல்றது எனக்கு ஒப்புதல் இல்ல, ஆழ்கடல்ல அதோட நீளத்துக்கு உயரம் ஒன்னுமே இல்ல, சாலிட்டானா சமநிலைக்கு வர அதுக்கு தூரம் பத்தாது. ஆனா பினாங்குலருந்து வடமேற்கா போனா அந்தமான் கடல்ல அசல் சரக்கு இருக்கு, மேல லேசான சூட்டுத் தண்ணி, கீழ கனமான குளிர் தண்ணி, ரெண்டும் சேர்ற எல்லைல பல பத்து மீட்டர் உயரத்துக்கு உள் அலை போகும், மேல கப்பல்ல இருக்குறவனுக்கு வெறும் சுருக்கம் சுருக்கமா ஒரு பட்டை தெரியும், அவ்வளவு தான். ஆஸ்போர்னும் பர்ச்சும் 1980ல இத சாலிட்டான்னே எழுதினாங்க.

ஜெலுத்தோங்_பையன்:
அக்கா, 52 வாட் போட்டேன், விண்டோவையும் நாலு மடங்காக்கினேன், 500 மீட்டரும் ரூலர் வச்சு கிழிச்ச மாதிரி நேரா போச்சு. ஆசைல பவர நாலு மடங்காக்கி 208 வாட்ல என் 2 ஓட்டுனேன், புக்ல 23 மீட்டர்ல பழைய உருவத்துக்கு திரும்பும்னு இருக்கு, எனக்கு திரும்பல, குப்பையா வருது.

செந்தூல்_அக்கா:
ஸ்டெப் 1 மீட்டர்னு சொன்னல்ல. பாதி வழில, 11.6 மீட்டர் கிட்ட, அது சுருங்கி பீக் 832 வாட் ஆகும். அங்க நான்லீனியர் நீளமே (கெர் விளைவு வேலை காட்டுற தூரம்) 1 மீட்டருக்கு கீழ. ஸ்டெப்ப 0.02 மீட்டர் வச்சு ஓட்டு.

ஜெலுத்தோங்_பையன்:
வந்துருச்சு. 23.3. அம்மாவ எழுப்பி காட்டிட்டேன், "நல்லாருக்கு, போய் படு"ன்னாங்க.