முருகன் டாலர்ல இருக்கற ஆறுமுனை நட்சத்திரம் யாரோடது?

செவ்வாப்பேட்டை பட்டறை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்களுது செவ்வாப்பேட்டைல சின்ன வெள்ளிப் பட்டறை, கொலுசுதான் முக்கிய வேலை, தைப்பூசம் பங்குனி உத்திரம் சமயத்துல மட்டும் பூஜை ரூம்ல வைக்கற சரவணபவ தகடும் முருகன் டாலரும் செய்வோம். தாத்தா காலத்து டிசைன், மேல பாத்த முக்கோணம் ஒண்ணு கீழ பாத்த முக்கோணம் ஒண்ணு. போன வாரம் டாலர் போட்டோ போட்டேன், வெளிநாட்டுல இருக்கற நம்மூர்க்காரர் ஒருத்தர் இது யூதங்க நட்சத்திரமாச்சே, இஸ்ரேல் கொடியில இருக்கறத எதுக்கு முருகன் பேர்ல விக்கறீங்கன்னு கேட்டுட்டார். அதுல இருந்து அப்பா சரியாப் பேசறதே இல்ல, நாப்பது வருசமா சாமி கும்பிட்டுட்டு வெட்டின டிசைனுங்க. நாம அவங்ககிட்ட இருந்து எடுத்தோமா, அவங்க நம்மகிட்ட இருந்து எடுத்தாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
தம்பி, அப்பாவ வருத்தப்பட வேண்டாம்னு சொல்லுப்பா. ஒரு வட்டம் போட்டு அதே அளவுல காம்பஸ நகத்திக்கிட்டே போனா சரியா ஆறு புள்ளி விழும், ஒண்ணு விட்டு ஒண்ணு சேத்தா இந்த நட்சத்திரம் வந்துரும், அதனால இது பல ஊர்ல தானாவே வந்த வடிவம். இஸ்ரேல்ல கப்பர்நாகூம்னு ஒரு பழைய ஊர், அங்க இருக்கற பழைய யூத ஜெபக்கூடத்துக் கல்லுல இது இருக்கு, ஆனா அங்க மத்த பூவேலையோட ஒரு அலங்காரமாத்தான் இருக்கு. யூதங்களோட பழைய அடையாளம் ஏழு கிளை விளக்குதான். 70ல ரோமானியப் படை எருசலேம் கோயில இடிச்சுட்டு அந்த விளக்கத் தூக்கிட்டுப் போறத ரோம்ல டைட்டஸ் வளைவுல இன்னிக்கும் பாக்கலாம், இஸ்ரேல் அரசு முத்திரையிலயும் விளக்குதான் இருக்கு. நட்சத்திரம் மெதுவாத்தான் அவங்களோடதா ஆச்சு. 1354ல நாலாம் சார்லஸ் ராஜா பிராக் நகர யூதங்களுக்குத் தனிக்கொடி வெச்சுக்க அனுமதி கொடுத்தார், அந்த ஊர்ப் பக்கம்தான் இது ஒரு சமூகத்தோட அடையாளமா வேர் புடிச்சுது. 1897ல யூதங்களுக்குத் தனிநாடு வேணும்னு கேட்ட சியோனிஸ்டுங்க மாநாட்டுக் கொடியில வந்துச்சு, 1948 அக்டோபர்ல இஸ்ரேல் நாட்டுக் கொடி ஆச்சு.

ஆனா ஒண்ணு தம்பி, உங்க கஸ்டமர் மேல கோவப்படாதீங்க. 1941 செப்டம்பர்ல ஜெர்மனியில ஆறு வயசுக்கு மேல இருக்கற ஒவ்வொரு யூதரும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சத் துணியில இந்த நட்சத்திரத்தச் சட்டையில தச்சுக்கிட்டுத்தான் வெளிய வரணும்னு நாஜிங்க சட்டம் போட்டாங்க, நடுவுல யூதன்னு கருப்பு எழுத்து. ரெண்டாங்கிளாஸ் படிக்கற குழந்தை அதப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்திருக்கு. அத்தன பேரக் கொன்னதுக்கப்புறம் மிச்சமிருந்தவங்க அதே நட்சத்திரத்தத்தான் கொடியில வெச்சாங்க. வகுப்புல இந்த எடம் வந்தா எனக்குத் தொண்ட அடைச்சுக்கும்.

கோட்டை பையன்:
எங்க அத்தா இத சுலைமான் நபியோட மோதிர முத்திரைன்னுதான் சொல்லுவாருங்க. டெல்லியில ஹுமாயூன் சமாதிக்குப் போனப்ப வாசல் வளைவு மேல ரெண்டு பக்கமும் இதே நட்சத்திரம், நான் அப்படியே நின்னுட்டேன். நம்ம பட்டறையில வெட்டற மாதிரியே இருந்துச்சுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க அண்ணா.

ஏற்காடு மலைக்காரன்:
எல்லாருக்கும் பொதுன்னு சொல்லி முடிச்சுட்டா அவுங்கப்பாவுக்கு எப்படிங்க மனசு ஆறும், டீச்சர் சொன்னது சரிதான் ஆனா நம்ம பக்கத்த யாருமே சொல்லல. மேல பாக்கறது சிவம், கீழ பாக்கறது சக்தி, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டா அதுல இருந்து வர்றவன் கந்தன். நெத்திக் கண்ணுல ஆறு பொறி, சரவணப் பொய்கை, ஆறு கார்த்திகைப் பொண்ணுங்க, ஆறு முகம், அதான் மூலைக்கு ஒண்ணா ச ர வ ண ப வ. எங்க எஸ்டேட் லைன்ல டிசம்பர் ஆனா காகித ஸ்டார் கட்டுவாங்க, அதுல ஆறு முனை வெச்சதும் உண்டு, அது பெத்லகேம் ஸ்டார், யாரும் அத முருகன்னு நெனைக்கறதில்ல. அதனால கேக்கறேன், உங்க டாலர் போட்டோல எழுத்தே காணோமே? தகட்டுல இருக்கற ஆறெழுத்த டாலர்ல ஏன் விட்டீங்க?

செவ்வாப்பேட்டை பட்டறை:
எல்லாத்தையும் அப்பாவுக்குப் படிச்சேனுங்க. மஞ்சத் துணி விசயம் வந்தப்போ நிறுத்தச் சொல்லி திரும்ப ஒரு தடவ படிக்கச் சொன்னார். மலைக்கார அண்ணன் கேள்விக்கு மட்டும் கொஞ்ச நேரம் பதிலே இல்ல, அப்புறம் உள்ள போய் தாத்தாவோட பழைய அச்ச எடுத்துட்டு வந்தார், அதுல ஆறு மூலையிலயும் எழுத்து இருக்குங்க, தேஞ்சு போயிருக்கு ஆனா ண நல்லாத் தெரியுது. கம்மி எடையில கேக்கறாங்கன்னு டாலர சின்னது பண்ணப்போ எடமில்லாம அப்பாதான் எழுத்த எடுத்திருக்கார். இப்ப ரெண்டு கிராம் சேத்து பழைய அளவுலயே அடிச்சுரலாம்ங்கறார், அந்தக் கஸ்டமருக்கும் மொதல் டாலர் அனுப்பணுமாம். எழுத்து அச்சு புதுசா வெட்டறவங்க நம்மூர்ல யாராச்சும் இருந்தா சொல்லுங்க, மெசின்ல வேண்டாம், கையால வெட்டறவங்களா வேணும்னு அப்பா சொல்றார்.