தப்பித்தல் வரிசை வேண்டாம், ஏவல் தொடர் என்போம்

ஐயா, வணக்கம்.

கணினித் திரைக்கு ஆணை சொல்லும் குறித்தொகுதியான எஸ்கேப் சீக்வன்ஸுக்குத் தமிழில் ‘தப்பித்தல் வரிசை’ என்ற தங்கள் பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. தப்பிப்பது யார், எதிலிருந்து? இங்கே சேலத்தில் என்னிடம் லினக்ஸ் படிக்க வரும் பிள்ளைகள் உடனே இதைத்தான் கேட்கிறார்கள்.

கணினியின் எழுத்துக் குறிமுறையான ஆஸ்கியில் 27ஆம் எண் குறிக்கு எஸ்கேப் என்று பெயர் வந்தது நியாயமே. 1960இல் கணினி அறிஞர் பாப் பெமர் அதை முன்மொழிந்தது, ஒரு குறிமுறையை விட்டு இன்னொன்றுக்கு மாறத்தான். அந்த ஒற்றைக் குறியை ‘விடுபடு குறி’ என்போம். அதன் பின்னால் வருவதோ வேறு. விடுபடு குறி, இடப்பக்கச் சதுர அடைப்பு, 5, அரைப்புள்ளி, 10, பெரிய எச்: இவற்றை முனையத்துக்கு (எழுத்தாலேயே கணினியோடு பேசும் திரைக்கு) அனுப்பினால் ஓர் எழுத்தும் திரையில் விழாது. இடங்காட்டி (கர்சர்) 5ஆம் வரியில் 10ஆம் கட்டத்துக்குப் போய் நிற்கும். 1978இல் வந்த வி.டி.100 என்ற முனையம் இதற்குப் பணிந்தது. இன்று மடிக்கணினியில் திறக்கும் முனையமும் பணிகிறது.

அம்மாப்பேட்டையில் தறி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பூவேலைக்குத் தறியில் மாட்டும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை சேலையில் ஓர் இழையாகக்கூடச் சேராது. எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்பதை அதன் துளைகள் சொல்லும். பூ அங்கே விழும். அட்டை செய்வது ஏவல். ‘வா’, ‘போ’, ‘நில்’ என்று பள்ளி இலக்கணத்தில் படித்த அதே ஏவல். ஆகவே ‘ஏவல் தொடர்’.

‘கட்டளைத் தொடர்’ போதாதா என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். கட்டளை வரி (கமாண்ட் லைன்) ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதோடு கலந்துவிடும் அம்மா.

இன்னொன்று. சி மொழியில் விடுபடு குறியைப் பின்சாய்கோடு போட்டு 033 (எட்டடிமானத்தில் 27) என எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அதுவும் எஸ்கேப் சீக்வன்ஸ்தான். ஆனால் அதைப் படிப்பது கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள். அது 27ஆக மாற்றிக் கொடுத்த பிறகே முனையம் தன் பங்கைப் படிக்கிறது. ஒரே வரியை இருவர் இரண்டு விதமாகப் படிக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பிழை யார் பக்கம் என்று மாணவர் எப்படித் தேடுவார்? பின்சாய்கோட்டுக்கு ‘விடுபடு தொடர்’ இருக்கட்டும்.

என் சொல்லிலும் ஓர் ஓட்டை உண்டு. விடுபடு குறி, சதுர அடைப்பு இவற்றுக்குப் பின் 6, சிறிய என் (n) அனுப்பினால், இடங்காட்டி இருக்கும் இடத்தை 5, அரைப்புள்ளி, 10, பெரிய ஆர் என்று முனையமே அதே வடிவில் திருப்பி அனுப்பும். அது ஏவல் அல்ல, விடை. ‘விடைத் தொடர்’ என்று பிரிக்கலாமா? அம்புக்குறி விசையை அழுத்தும்போது நிரலுக்குப் போவதும் இதே வடிவம்தான். அதை எதில் சேர்ப்பது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.