விமானத்துக்குள் தடுக்கி விழுந்த அம்மா: நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியுமா?

வழிப்போக்கி:
சென்ற வாரம் அம்மாவும் நானும் வெளிநாட்டிலிருந்து இரவு விமானத்தில் வந்தோம். விளக்குகளை அணைத்திருந்தார்கள். கழிப்பறையிலிருந்து திரும்பிய அம்மா, யாரோ ஒருவரின் தோள்பை வார் நடைபாதையில் கிடந்ததில் கால் சிக்கிக் குப்புற விழுந்தார். பணிப்பெண் ஐஸ் கட்டி கொடுத்தார். "வீக்கம்தானே, வடிந்துவிடும்" என்று அம்மாவும் விட்டுவிட்டார். இப்போது கணுக்காலில் தசைநார் கிழிந்திருப்பதாக மருத்துவர் சொல்கிறார். நிறுவனமோ, "மற்றொரு பயணியின் பைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டது. விட்டுவிட வேண்டியதுதானா?

ஓய்வுபெற்ற கேபின்காரி:
முதலில் ஒன்று சொல்லுங்கள்: அம்மாவின் பெயரையும் இருக்கை எண்ணையும் பணிப்பெண் குறித்துக்கொண்டாரா? ஐஸ் கொடுத்தாலே அறிக்கை எழுத வேண்டும் என்றுதான் எங்களைப் பழக்கினார்கள். அதன் நகலைக் கேளுங்கள்.

விமானத்தில் அடிபடுவது என்றால் எல்லோரும் குலுங்கலைத்தான் நினைக்கிறார்கள். நான் கட்டுப் போட்டதெல்லாம் வேறு கதை. பை வார், நழுவிய போர்வை, தூங்குபவரின் நீட்டிய கால், மேல் பெட்டியைத் திறந்ததும் தலையில் விழும் மடிக்கணினி, மடியில் கொட்டிய தேநீர். போர்வைதான் மகா மோசம். இருட்டில் தரையின் நிறத்தோடு கலந்துவிடும். சீராகப் பறக்கும்போதுகூடப் பெரும்பாலும் விமானத்தின் மூக்கு சற்று உயர்ந்தே இருக்கும். வால் பக்கம் போகிறவர் இறக்கத்தில் நடக்கிறார், அதுவும் தூக்கக் கலக்கத்தில், காலுறையோடு. பையை முன் இருக்கைக்கு அடியில் முழுதாகத் தள்ளுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது வேறு எதற்காக?

கறுப்பு அங்கி:
அந்த ஒற்றை வரியை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலான பன்னாட்டுப் பயணங்களுக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நடந்த 'விபத்தால்' உடற்காயம் ஏற்பட்டால் நிறுவனம் பொறுப்பு. குறிப்பிட்ட வரம்பு வரை அதன் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பயணியின் கவனக்குறைவைக் காட்டினால், அது காரணமான அளவுக்கு அவர்கள் தொகையைக் குறைக்கலாம், முழுதாகவும் தவிர்க்கலாம்.

சிக்கல் 'விபத்து' எது என்பதில். பயணிக்கு வெளியே நடந்த, எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. தரையில் இருக்கைகளைப் பொருத்தும் தடத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் பட்டையில் வழுக்கிய ஒரு பயணி, 2008இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். பட்டை எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது, அதனால் அது 'விபத்து' ஆகவில்லை. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றமோ, சூடான காபி கொட்டியதும் விபத்தே என்றது. உங்கள் அம்மாவின் காலில் சிக்கியது விமானத்தின் பாகமல்ல, அங்கே இருக்கவே கூடாத வார். வாதாட இடமிருக்கிறது. விமானம் சேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

வழிப்போக்கி:
இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் தொலைபேசி எண்ணும் என்னிடம் இருக்கிறது. அவர் கண்ணால் பார்த்தவர்.

கறுப்பு அங்கி:
அப்படியானால் இன்றே அவரிடம் நடந்ததை எழுதி வாங்கிவிடுங்கள். மருத்துவரின் சீட்டில் 'விழுந்ததால்' என்று மட்டும் இருந்தால் போதாது, எங்கே, எதில் சிக்கி விழுந்தார் என்பதும் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற கேபின்காரி:
நிறுவனத்துக்கு எழுதும்போது, விளக்கை அணைக்கும் முன் பணியாளர்கள் நடைபாதையைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அது எங்கள் வேலைதான்.