மாடி அறைக்கு வந்த நான்கு கணினிகள் – உறையூர் வீட்டுக் குழு

சனிக்கிழமை

[காலை 9:05] அத்தை: கணினிகள் வந்து இறங்கிவிட்டன. நான்கையும் மாடி அறையில் வரிசையாக வைத்தாயிற்று. ஆனால் ஒன்றாவது உயிர் பெற வேண்டுமே! கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. டியூஷன் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார்கள்.

[காலை 9:11] முகிலன்: ஒன்றின் மூடியைத் திறந்து பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. கழற்றிய திருகுகளை மட்டும் சிறிய பாலித்தீன் உறையில் போட்டு உள்ளே ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான்கிலும் இதே கதை.

[காலை 9:13] சித்தப்பா: வட்டைப் பிடுங்கிக்கொண்டு கொடுப்பதற்குப் பெயர் நன்கொடையா?

[காலை 9:14] பெரியப்பா: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே.

[காலை 9:20] கயல்விழி: அலுவலகங்கள் அப்படித்தான் கொடுக்கும் சித்தப்பா. வட்டில் அவர்களுடைய கணக்கு, கோப்பு எல்லாம் இருக்கும். கழற்றாமல் கொடுத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். முகில், ராம் நினைவகம் எவ்வளவு? நெட்வொர்க் கார்டு உள்ளே இருக்கிறதா?

[காலை 9:26] முகிலன்: எல்லாவற்றிலும் 4 ஜிபி. கிகாபிட் கார்டு போர்டிலேயே இருக்கிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் உள் நிரல் மூன்றில் புதிய யூஇஎஃப்ஐ, ஒன்றில் மட்டும் பழைய பயாஸ்.

[காலை 9:28] சித்தப்பா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான்கு எஸ்எஸ்டி வட்டு வாங்கிப் போடுங்கள். பணத்தை நான் அனுப்புகிறேன்.

[காலை 9:41] கயல்விழி: ஒரே ஒரு கணினி என்றால் நானும் அதையேதான் சொல்வேன். நான்கு எஸ்எஸ்டி என்றால் நான்கு முறை நிறுவ வேண்டும். நான்கு இடத்தில் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் எதையாவது கலைத்து வைத்தால் முகில் ஒவ்வொன்றாகப் போய் உட்கார வேண்டும். தேர்வு நேரத்தில் அவன் விடுதிக்குப் போய்விட்டால் அத்தை யாரைக் கூப்பிடுவார்? கீழே கூடத்தில் என் பழைய கணினி சர்வராக ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. அதன் வட்டிலிருந்தே நான்கும் கேபிள் வழியாகத் தொடங்கட்டும். மேலே வட்டே வேண்டாம்.

[காலை 9:43] அத்தை: வட்டு இல்லாமல் கணினி எப்படி ஓடும் கண்ணு?

[காலை 9:58] கயல்விழி: நன்றாகவே ஓடும் அத்தை. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வட்டே இல்லாத கணினிகளை விற்றது. அவற்றுக்குக் கோப்புகளைத் தூரத்திலிருந்து கொடுக்கத்தான் 1984இல் என்எஃப்எஸ் என்ற முறையையும் உருவாக்கினார்கள். இன்று நாம் பயன்படுத்தப் போவதும் அதன் வாரிசுதான்.

நடப்பது இதுதான். கணினியைப் போட்டதும் நெட்வொர்க் கார்டு விழித்துக்கொண்டு வலையில் உள்ள எல்லோரையும் கேட்கும்: எனக்கு ஒரு முகவரி வேண்டும், நான் எந்தக் கோப்பை வைத்துத் தொடங்குவது? முகவரியைக் கொடுப்பது டிஎச்சிபி. கோப்பைக் கொடுப்பது டிஎஃப்டிபி. 512 பைட் துண்டாகக் கொடுத்து, 'கிடைத்தது' என்று பதில் வந்த பிறகே அடுத்த துண்டைத் தருவது அதன் அடிப்படை வழக்கம். துண்டைப் பெரிதாக்கப் பிற்பாடு வழி வந்தது. அப்படி இறங்கும் சிறிய நிரல், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலைக் கொண்டுவந்து ஏற்றும். மீதி எல்லாவற்றையும் என்எஃப்எஸ் பார்த்துக்கொள்ளும். கார்டு இப்படிக் கேட்கும் முறைக்குப் பிஎக்ஸ்இ என்று பெயர். இன்டெல் வகுத்தது. இன்றும் புழங்கும் 2.1 பதிப்பு 1999இல் வந்தது.

[காலை 10:02] சித்தப்பா: கேபிள் எதற்கு? மாடியில் வைஃபை நன்றாகத்தானே வருகிறது?

[காலை 10:04] கயல்விழி: வைஃபைக்குக் கடவுச்சொல் வேண்டும். அதைச் சொல்ல ஓர் இயங்குதளம் ஏறியிருக்க வேண்டும். இயங்குதளமோ வைஃபை வழியாக வர வேண்டும். எங்கே போவது? கேபிள்தான் சித்தப்பா.

[காலை 10:05] பெரியப்பா: கேபிள் என் பொறுப்பு. முப்பது வருடம் தொலைபேசிக் கம்பத்தில் ஏறி இறங்கியவன். சாயங்காலத்துக்குள் இழுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 11:17] முகிலன்: அக்கா, சர்வரில் டெபியன் லினக்ஸ் டெஸ்க்டாப் ஏற்கெனவே இருந்ததால் எல்டிஎஸ்பி (வட்டில்லாக் கணினிகளை நடத்தும் தொகுப்பு), டிஎன்எஸ்மாஸ்க் (டிஎச்சிபி, டிஎஃப்டிபி வேலைகளைச் செய்வது), என்எஃப்எஸ் மூன்றையும் நிறுவிவிட்டேன். பழைய பயாஸ் கணினியில் 'பிஎக்ஸ்இ-இ53, நோ பூட் ஃபைல்நேம் ரிசீவ்டு' என்று வந்து நின்றுவிட்டது.

[காலை 11:22] கயல்விழி: நல்ல செய்தி! இ61 வந்திருந்தால் கேபிளே பேசவில்லை. இ51 என்றால் முகவரி கொடுக்க யாரும் இல்லை. இ53 என்றால் முகவரி கிடைத்துவிட்டது, கோப்பின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. முகவரி கொடுத்தது நம் ரவுட்டர். கணினியைத் தொடக்கும் பூட் வேலை பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

[காலை 11:25] முகிலன்: டிஎச்சிபியில் 66, 67 என்று இரண்டு விருப்பங்கள் உண்டு, அதில் சர்வரையும் கோப்பையும் எழுதலாம் என்று படித்தேன். நம் ரவுட்டரில் அந்தப் பெட்டிகளையே காணோம். பேசாமல் ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்துவிட்டு முகவரி கொடுக்கும் வேலையையும் சர்வரிடமே விட்டுவிடவா?

[காலை 11:26] கயல்விழி: வேண்டாம். ரவுட்டரைத் தொடாதே.

[காலை 11:34] கயல்விழி: காரணம் சொல்கிறேன். பல வழிகாட்டிகள் அணைக்கத்தான் சொல்லும். அலுவலகத்துக்கு அது சரி. வீட்டில் சர்வர் ஒருநாள் படுத்துவிட்டால் பெரியப்பாவின் கைப்பேசி, தொலைக்காட்சி, சமையலறையில் பாட்டு கேட்கும் பெட்டி எல்லாம் முகவரி கிடைக்காமல் நிற்கும். நம் விளையாட்டுக்காக வீட்டில் இருப்பவர்கள் ஏன் இணையத்தை இழக்க வேண்டும்? டிஎன்எஸ்மாஸ்க்கில் ப்ராக்ஸி டிஎச்சிபி என்று ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைப்பவர் ஒருவர், இலையில் பரிமாறுபவர் வேறொருவர் இல்லையா, அப்படி. ரவுட்டர் வழக்கம்போல முகவரி கொடுக்கும். சர்வர் பக்கத்தில் நின்று கோப்பின் பெயரை மட்டும் சொல்லும். சர்வர் இல்லாவிட்டால் மாடிக் கணினிகள் மட்டும்தான் தொடங்காது.

[காலை 11:36] கயல்விழி: எல்டிஎஸ்பியில் 'எல்டிஎஸ்பி டிஎன்எஸ்மாஸ்க்' என்ற கட்டளையைக் கொடுத்தால் இந்த அமைப்பை அதுவே எழுதிக்கொள்ளும். பழைய பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டுக்கும் வெவ்வேறு கோப்பு தேவை. யார் கேட்கிறார்கள் என்று பார்த்து உரியதைக் கொடுக்கவும் அதற்குத் தெரியும். அதைக் கொடுத்தாயா?

[காலை 11:37] முகிலன்: இமேஜ், அதாவது சர்வரின் இயங்குதளத்தை ஒரே கோப்பாக்கிய நகல், எடுத்து முடித்த பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

[காலை 11:38] கயல்விழி: கொடு. பிறகு எல்டிஎஸ்பியின் மற்றக் கட்டளைகளையும் இமேஜ், ஐபிஎக்ஸ்இ (முதலில் இறங்கும் அந்தச் சிறிய நிரல்), என்எஃப்எஸ், இனிட்ஆர்டி (கர்னலோடு ஏறும் தொடக்கக் கோப்பு) என்று வரிசையாகக் கொடு. இமேஜ் எடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். காப்பி குடித்துவிட்டு வா. இன்னொன்று, ரவுட்டரைத் தொடாதே என்றேன் அல்லவா, ஒரே ஒரு விதிவிலக்கு: சர்வருக்கு எப்போதும் அதே முகவரி கிடைக்கும்படி அதில் குறித்து வை.

[மதியம் 12:49] முகிலன்: பயாஸ் கணினி ஏறிவிட்டது!! யூஇஎஃப்ஐ கணினிகளில் இரண்டு ஏறிவிட்டன. மூன்றாவது கோப்பை வாங்கிக்கொள்கிறது, பிறகு பாதுகாப்பு மீறல் என்று சொல்லித் துப்பிவிடுகிறது.

[மதியம் 12:52] கயல்விழி: செக்யூர் பூட் போட்டிருக்கிறது. நம் ஐபிஎக்ஸ்இ கோப்பில் அது ஏற்கும் கையொப்பம் இல்லை. அமைப்புத் திரையில் அதை அணைத்துவிடு. அங்கேயே நெட்வொர்க் வழியாகத் தொடங்குவதை முதல் வரிசைக்குக் கொண்டுவா.

[மதியம் 1:03] முகிலன்: நான்கும் ஏறிவிட்டன.

[மதியம் 1:04] அத்தை: நான்கு திரையிலும் ஒரே நீலப் படம்! கண் பட்டுவிடப் போகிறது.

[மாலை 4:30] அத்தை: கயல், பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் இருந்தபோது பரவாயில்லை. நான்கு பேரும் பிரவுசரைத் திறந்தபோது ஆமை வேகம்.

[மாலை 4:31] சித்தப்பா: எஸ்எஸ்டி.

[மாலை 4:35] கயல்விழி: பொறுங்கள் சித்தப்பா. முகில், சர்வரில் ஈத்டூல் போட்டு கார்டின் வேகம் என்னவென்று பார்.

[மாலை 4:38] முகிலன்: 100. கிகாபிட் கார்டுதானே, 1000 என்று அல்லவா வர வேண்டும்? கேபிள்களை இணைக்கும் மாடி நெட்வொர்க் ஸ்விட்ச்சில் சர்வர் கேபிள் செருகிய இடத்தில் மட்டும் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. மற்ற நான்கும் பச்சை.

[மாலை 4:44] கயல்விழி: அதுதான். 100 மெகாபிட் என்றால் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட். அதை நான்கு பேர் பங்குபோட்டால் ஆளுக்கு மூன்று. கிகாபிட் கிடைத்தால் நூற்றுக்கு மேல் வரும். இமேஜ் முழுவதையும் இவை நகலெடுத்துக்கொள்வதில்லை, தேவைப்படும் பகுதியை மட்டும் அப்போதைக்கப்போது படிக்கின்றன. அப்படியும் எல்லோருடைய படிப்பும் சர்வரிலிருந்து மேலே போகும் அந்த ஒற்றைக் கேபிள் வழியாகத்தான் போயாக வேண்டும். 100க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். 1000க்கு நான்கு ஜோடியும் வேண்டும். எங்கோ ஒரு ஜோடி போயிருக்கிறது பெரியப்பா.

[மாலை 4:46] பெரியப்பா: என் முனையில் தவறு இருக்காது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

[மாலை 4:47] கயல்விழி: முனையில் இல்லை என்றால் நடுவில் இருக்கும். உங்களிடம் சோதனைப் பெட்டி இருக்கிறதே?

[மாலை 5:15] பெரியப்பா: சோதித்தேன். ஒன்று முதல் ஆறு வரை விளக்கு வருகிறது. ஏழும் எட்டும் இல்லை. பழுப்பு ஜோடி. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே மாடி ஏறினேன். மொட்டை மாடிக் கதவின் கீழ்ச் சந்தில் நசுங்கியிருக்கிறது. கதவை யாரோ உதைத்துச் சாத்தியிருக்கிறார்கள்.

[மாலை 5:16] அத்தை: காலையில் துணி காயப்போடப் போனது நான்தான். கதவின் நடுவில் கேபிள் கிடக்கும் என்று யார் கண்டது?

[மாலை 5:58] பெரியப்பா: ஜன்னல் பக்கமாகக் குழாய்க்குள் விட்டுப் புதிய கேபிள் இழுத்தாயிற்று. இப்போது பச்சை.

[மாலை 6:10] அத்தை: ஆமாம், இப்போது சொன்ன மாத்திரத்தில் திறக்கிறது.

திங்கட்கிழமை

[காலை 7:40] அத்தை: இரவெல்லாம் இதே யோசனை. பிள்ளைகள் எழுதியது எங்கே போகும்? நான் அடிக்கும் வினாத்தாள்? மின்சாரம் போனால்?

[காலை 8:02] கயல்விழி: ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இயங்குதளம் இருக்கும் இமேஜில் யாரும் எழுத முடியாது. பிள்ளைகள் அமைப்பில் எதை மாற்றினாலும் அந்தக் கணினியின் ராமில்தான் மாறும். அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். என்ன குறும்பு செய்தாலும் அஞ்ச வேண்டாம். ஆனால் அவரவர் பெயரில் நுழைந்து தங்கள் கோப்புறையில் சேமிப்பது சர்வரின் வட்டுக்குப் போகும். அணைத்தாலும் போகாது. எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அதே கோப்பு கிடைக்கும். உங்கள் வினாத்தாளும் அப்படியே.

[காலை 8:06] கயல்விழி: மின்சாரத்துக்கு: சர்வரோடு மாடி ஸ்விட்ச்சும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சர்வர் இடையில் நின்றுவிட்டால் மாடியில் எல்லாத் திரையும் உறைந்துவிடும். என்எஃப்எஸ் சர்வர் திரும்பும் வரை பொறுமையாகக் காத்திருக்கும். அவரவர் கோப்புறைகள் வருவது வேறோர் இணைப்பில்; அது அப்படியில்லை, அறுந்துவிடும். அப்போது நான்கையும் மறுபடி தொடங்குவதே நல்லது.

[காலை 8:09] சித்தப்பா: ஆக, சர்வர் செத்தால் நான்கும் செத்தது. நான் சொன்னது இதைத்தான்.

[காலை 8:13] கயல்விழி: உண்மைதான் சித்தப்பா, மறுக்கவில்லை. அதனால் நீங்கள் தருவதாகச் சொன்ன பணத்தில் நான்கு எஸ்எஸ்டிக்குப் பதில் ஒன்றே ஒன்று வாங்குவோம். சர்வருக்கு இரண்டாவது வட்டாக. கோப்புறைகளின் நகல் இரவுதோறும் அதில் விழும்.

[காலை 8:15] சித்தப்பா: இது நியாயம். அனுப்புகிறேன். விண்டோஸ் வேண்டும் என்றால்?

[காலை 8:19] கயல்விழி: ஐபிஎக்ஸ்இ வழியாக, வலையில் கிடைக்கும் ஐஸ்கசி வட்டிலிருந்து விண்டோஸையும் ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் சர்வரில் தனி வட்டுப் பகுதி, தனி உரிமம். நாம் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அது பின்வாசல் வழியாக வந்துவிடும்.

[காலை 8:24] முகிலன்: அக்கா, பக்கத்து வீட்டுப் பையன் நம் வைஃபையில்தான் இருக்கிறான். அவன் கணினியும் இதில் தொடங்கிவிடுமா?

[காலை 8:30] கயல்விழி: வைஃபையில் தொடங்காது. ஆனால் நல்ல கேள்வி. டிஎஃப்டிபியில் கடவுச்சொல் என்பதே கிடையாது. நம் வலைக்குள் இருக்கும் யாரும் அந்தக் கோப்புகளை எடுக்கலாம், இமேஜையும் படிக்கலாம். எல்டிஎஸ்பி, பயனர்களின் கோப்புறைகளை இமேஜில் சேர்ப்பதில்லை. அதற்கு வெளியே சர்வரில் நீ எங்காவது கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்தால் இன்றே அழித்துவிட்டு இமேஜை மறுபடி எடு. அந்தப் பையனை விருந்தினர் வைஃபைக்கு மாற்று.

[காலை 8:33] அத்தை: தமிழில் தட்டச்சு செய்ய வேண்டுமே. நான் தமிழ்99 விசைப்பலகை பழகியவள்.

[காலை 8:37] கயல்விழி: முகில் சர்வரில் ஒரு முறை நிறுவி, இமேஜை மறுபடி எடுத்தால் போதும் அத்தை. அடுத்த முறை தொடங்கும்போது நான்கிலும் இருக்கும். பிஎக்ஸ்இ 2.1, எல்டிஎஸ்பி, உங்கள் தமிழ்99 மூன்றுமே 1999ஆம் ஆண்டுப் பிள்ளைகள்தாம்.

[காலை 8:39] கயல்விழி: முகில், அதோடு எபாப்டிஸையும் போடு. அத்தை தன் இடத்திலிருந்தே நான்கு திரைகளையும் பார்க்கலாம், பூட்டலாம், அணைக்கலாம்.

[காலை 8:40] அத்தை: அதை முதலில் போடு முகில்! கணக்குப் போடச் சொன்னால் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறான் ஒருவன்.

[இரவு 7:55] முகிலன்: தமிழ்99 வந்துவிட்டது. எபாப்டிஸும் ஓடுகிறது. கிரிக்கெட் பார்த்தவனின் திரையை அத்தை இரண்டு முறை பூட்டிவிட்டார்.

[இரவு 7:58] அத்தை: கீழே இருக்கும் பிரிண்டரில் மாடியிலிருந்தே வினாத்தாள் எடுக்க வழி உண்டா கயல்?

[இரவு 8:04] கயல்விழி: உண்டு அத்தை. அதையும் சர்வரோடு சேர்த்தால் போதும். பிரிண்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எந்த மாடல் என்று பார்த்துச் சொல்கிறேன்.